நடக்கத் தெரியாத கார்

வண்டி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ஓடுமா?" சைக்கிளாக இருந்தாலும் சரி, லாரியாக இருந்தாலும் சரி, மூன்று மழைக்காலம் வெளியே கிடந்த டிராக்டராக இருந்தாலும் சரி, அதே கேள்வி. நாங்களும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தோம். "ஓடும்." இந்தப் பதிலைச் சொல்லி நிறைய வண்டிகளை விற்றிருக்கிறேன். பெரும்பாலும் நேர்மையாகவே விற்றிருக்கிறேன். ஒரே ஒரு காரை மட்டும், உண்மையைச் சொல்லியே விற்று ஒரு வீட்டின் தலையில் மண்ணைப் போட்டேன். அதை எழுதலாம் என்று உட்கார்ந்தால் காப்பி குடிக்க எழுந்து போகிறேன். பேனாவில் மை இல்லை என்று எழுந்து போகிறேன். இன்றைக்கு முடிக்காமல் எழுந்திருக்கப்போவதில்லை.

அறுபதுகளின் கடைசி. திருவள்ளூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எனக்கும் என் மனைவியின் அண்ணனுக்கும் சேர்ந்து ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. பட்டி பார்ப்பது, டிங்கரிங், பெயின்ட் எல்லாம் மச்சான் வேலை. எஞ்சின் என் வேலை. கோர்ட்டு வக்கீல்களின் கார்களும் நெல் ஏற்றுகிற லாரிகளும் வரும். என் கை நல்ல கை என்று ஊரில் பேர். அந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதில்தான் எல்லாக் கேடும் வந்தது.

திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் வெளிநாட்டுக் கார் ஒன்று சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தோம். உமி மூட்டைகளுக்குப் பின்னால் நின்றிருந்தது. அமெரிக்காவில் செய்த கார். இரண்டே கதவு, நீளமான மூக்கு, பின்பக்கம் இரண்டு துடுப்பு. மேலே கூரை கிடையாது. மழை வந்தால் பின்னாலிருந்து துணிக்கூரையை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். மெட்ராசில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றதாம். கை மாறிக் கை மாறி மில் முதலாளியிடம் வந்து, அவரும் பெட்ரோல் ஊற்றி மாளாமல் ஓரங்கட்டிவிட்டார். பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மச்சான் கோழியைத் தூக்கிக் கீழே விட்டு, சீட்டைத் தட்டிப் பார்த்து, "இத்த நாம எடுத்துக்கலாம்" என்றார். எனக்கும் பார்த்தவுடனே ஆசை வந்துவிட்டது. மாடு கட்டித்தான் இழுத்து வந்தோம். வழியெல்லாம் பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள்.

ஆறேழு மாதம் அந்தக் காரோடுதான் வாழ்ந்தோம். மச்சான் துருவைச் சுரண்டி, ஓட்டைகளுக்குத் தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி போட்டுத் தேய்த்து, மயில் கழுத்து நிறத்தில் பெயின்ட் அடித்தார். லாரித் தார்ப்பாய் தைக்கிறவரைப் பிடித்துப் புதுத் துணிக்கூரை தைத்தோம். சீட்டுக்குச் சிவப்பு ரெக்ஸின். எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, விபத்தில் நொறுங்கிய வேன் ஒன்றின் டீசல் எஞ்சினை வாங்கி உள்ளே இறக்கினேன். யார் வந்தாலும் பானெட்டைத் திறந்து காட்டுவேன். அமெரிக்காக்காரன் பார்த்தால் அழுதிருப்பான், நான் பெருமைப்பட்டேன்.

ஸ்டீயரிங்தான் படுத்தியது. அந்த ஊர்க் காரில் அது இடது பக்கம் இருக்கும். நமக்கு வலது பக்கம் வேண்டும். ஸ்டீயரிங்கைத் தூக்கி வலது பக்கம் வைத்துவிட்டேன். ஆனால் சக்கரத்தைத் திருப்புகிற பெட்டி இடது பக்கமே இருந்தது. இரண்டையும் சேர்க்க எஞ்சினுக்கு முன்னால் குறுக்காக ஒரு கம்பியைக் கொண்டுபோனேன். சரியாக அந்த இடத்தில்தான் ரேடியேட்டருக்குக் காற்று இழுக்கிற ஃபேன் சுற்ற வேண்டும். இறக்கை கம்பியில் இடித்தது. ஃபேனைக் கழற்றி ஷெட் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எந்த ஷெட்டிலும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற வார்த்தை அது.

வண்டி வேகமாகப் போனால் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். ஃபேன் இல்லாதது தெரியவே தெரியாது. மெதுவாகப் போனால்தான் வம்பு. தண்ணீர் சூடேறிக் கொதித்து வண்டி நின்றுவிடும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததோடு கண்ணாலும் பார்த்தேன். தை அமாவாசையன்று மச்சானும் நானும் காரை எடுத்துக்கொண்டு கோயில் பக்கம் போனோம். வேண்டுதலுக்காகக் குளத்தில் வெல்லம் கரைக்க வந்த ஜனம் தெருவை அடைத்திருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் கால் மணி நேரம் ஊர்ந்திருப்போம். மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பிவிட்டது. யாரோ புண்ணியவான் குளத்துத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து ஊற்றினார்.

"கம்பிய எடுத்து வேற பக்கமா கொண்டாரணும்பா. கொறஞ்சது ஒரு மாச வேலை" என்றார் மச்சான்.

"வாங்கறவன் இத்த இன்னா ஊர்கோலத்துலயா உடப்போறான்? பீச்சுக்குப் போயி காத்து வாங்கப்போறான்" என்றேன் நான்.

இதே வார்த்தைதான் சொன்னேன். மச்சான் சிரித்தார். மறுநாள் ஷெட் வாசலில் ஒரு பலகையை நானே எழுதி வைத்தேன். அமெரிக்கன் ஓப்பன் கார் விற்பனைக்கு. ரன்னிங் கண்டிஷன்.

மாசி மாதம் ஒருநாள், கோர்ட்டு வேலையாகத் திருவள்ளூர் வந்த ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில் காஸ் லைட், மைக் செட், பந்தல் சாமான் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். அந்தப் பக்கம் லைட்டுக்கடைக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். தோளில் துண்டு, காதோரம் நரை, பேச்சுக்குப் பேச்சு நைனா. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தொடுவதற்கு முன்னால் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இன்னா மேஸ்திரி, இது ஓடுமா?"

"ஓடும்."

"நெசமாவா?"

"ஆந்திரா வரைக்கும் போயி திரும்பி வரும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க சைடுல கல்யாணம்னா மாப்ள அழைப்புக்கு ஓப்பன் காரு மெட்ராஸ்லேர்ந்து வரணும் நைனா. ஆறு மணிக்கு வாடான்னா ஒம்போது மணிக்கு வருவான். ஒரே பேஜாரு. நம்ப கையில ஒரு வண்டி இருந்துச்சுன்னு வெச்சுக்கோ, லைட்டு, மைக்கு, காரு, அல்லாம் ஒரே எடம். பங்குனில எம் பொண்ணுக்குக் கல்யாணம். மொத ஊர்கோலம் எங்க ஊட்டு மாப்ளதான்."

ஊர்கோலம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பானெட்டைத் திறக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை அழைப்பில் மேளக்காரர் நடக்கிற வேகம்தான் காரின் வேகம். முச்சந்திக்கு முச்சந்தி நின்று வாசிப்பார்கள். அரை மைல் போக இரண்டு மணி நேரம் ஆகும். மச்சான் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த ஃபேனைப் பார்த்தேன். மச்சான் பீடி பற்றவைக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார். சொல்வதாக இருந்தால் அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் கை நல்ல கைன்னு ஸ்டேஷனாண்டயே சொன்னாங்க" என்றார். அதைக் கேட்டபின் என் வாயிலிருந்து எப்படி வரும்?

அடுத்த வாரம் நானே காரை ஓட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி போனேன். டிரையல் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். கடைத்தெருவுக்குள் நான் நுழையவில்லை. ஊருக்கு வெளியே கல்கத்தா ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஆள் அனுப்பினேன். அவர் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாணப் பெண். இருபது வயதிருக்கும். தாய் இல்லாத பெண், கடையைப் பாதி அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். காஸ் லைட்டுக்குள் எரிகிற வலைத்துணி மேண்டிலைக் கட்டுவதும் அவள்தானாம். விரல் நுனியெல்லாம் வெள்ளைச் சாம்பல் படிந்திருந்தது.

ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திர எல்லை வரை போய்த் திரும்பினோம். நன்றாக மிதித்தேன். காற்று முகத்தில் அறைந்தது. அவருடைய துண்டு பறந்து ரோட்டில் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவர் நிறுத்தச் சொல்லவில்லை, "போ நைனா, போ" என்று கத்தினார். சூடு காட்டுகிற முள் அசையவே இல்லை. அன்றைக்கு அந்தக் காரைப்போல ஒரு கார் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. அந்த ரோட்டை நான் எதற்காகத் தேர்ந்தெடுத்தேன் என்று எனக்குத் தெரியும்.

இறங்கியதும் அந்தப் பெண் காரின் முன்பக்கம் வந்து நின்றாள்.

"அண்ணா, இது மெதுவா போவுமா?"

"ஏம்மா?"

"மேளத்துக்குப் பின்னாடி போவணுமே. நிக்கும், போவும், மறுபடியும் நிக்கும். ரெண்டு மணி நேரம் தாங்குமா?"

ஓடுமா என்று கேட்காமல் நடக்குமா என்று கேட்ட ஒரே ஆள் அவள். லைட்டுக்கு எத்தனை தடவை பம்ப் அடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டே வளர்ந்த பெண். ஊர்வலம் எவ்வளவு மெதுவாகப் போகும் என்று அவளுக்குத் தெரியாதா? நான் பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

"இந்த ஓட்டம் ஓடுன வண்டிக்கு மெதுவா போறது ஒரு வேலையாம்மா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "பானெட்ட தெறங்க, பாக்கலாம்" என்றாள்.

"மேஸ்திரிக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்? போம்மா, போயி அவருக்கு நாஷ்டா எடுத்து வை" என்று அவர் அவளை அனுப்பிவிட்டார். நானும் போய் உட்கார்ந்து அவள் வைத்த இட்லியைத் தின்றேன். நன்றாகத்தான் இறங்கியது, வெட்கக்கேடு.

காரை வாங்குவதற்காக அவர் ரோட்டோரம் இருந்த தன் சவுக்குத் தோப்பை விற்றுவிட்டார் என்று பிறகு தெரிந்தது. வண்டியை ஒப்படைத்த அன்று ஒன்றே ஒன்று கேட்டார். "எனக்கு ஓட்டத் தெரியாது. மொத ஊர்கோலத்துக்கு நீதான் ஓட்டணும் மேஸ்திரி. கல்யாணத்துக்கு ஒனக்கு வேட்டி சட்டை எடுத்து வெக்கறேன்." சரி என்றேன்.

கல்யாணத்துக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. கம்பியை மாற்றி ஃபேனை மாட்ட மச்சான் சொன்ன அதே ஒரு மாதம். கார் அவர் கடைக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகைக்குள் நின்றது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் டிரையலன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். நடுவில் ஒரு லாரி எஞ்சின் வேலை வந்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். ஃபேன் அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் அதில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் மீஞ்சூர்க்காரர்கள். ரயிலில் வந்து இறங்கினார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலிலிருந்து கடைத்தெரு வழியாகப் பெண் வீடு வரை ஊர்வலம். நான் மத்தியானமே போய், டிக்கியில் நான்கு டின் தண்ணீரும் நனைத்த கோணியும் வைத்துக்கொண்டேன்.

"தண்ணி இன்னாத்துக்கு மேஸ்திரி?" என்றார் அவர்.

"கண்ணாடி தொடைக்க."

நான்கு டின் தண்ணீரில் ஊரில் உள்ள எல்லாக் கண்ணாடியையும் துடைக்கலாம். அவர் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கிளம்பினோம். இரண்டு பக்கமும் வரிசையாகத் தலையில் காஸ் லைட் சுமந்த பெண்கள். எல்லா லைட்டும் அவர் கடை லைட்டுதான், எல்லா மேண்டிலும் அவள் கட்டியதுதான். காரில் முல்லைச் சரம் சுற்றியிருந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லியான பையன். கோட்டு சூட்டுப் போட்டு, ரோஜா மாலையோடு பின் சீட்டில் கூச்சமாக உட்கார்ந்திருந்தான். லைட்டுக்கடைக்காரர் காருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வந்தார். காரைப் பார்ப்பார், மாப்பிள்ளையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.

முதல் முச்சந்தியில் நாதஸ்வரக்காரர் நின்று ஆலாபனையை ஆரம்பித்தார். நான் முள்ளைப் பார்த்தேன். ஏறியிருந்தது. இறங்கிப் போய் அவர் காதில், "அண்ணே, கொஞ்சம் வேகமா நடந்துகினே வாசிங்களேன்" என்று கெஞ்சினேன்.

அவர் நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்தார். "இன்னா மேஸ்திரி, ராகத்த ஓட்டச் சொல்றியா?"

மறுபடியும் ஏறி உட்கார்ந்து, வண்டியை நகர்த்தி நகர்த்தித் தவில்காரரின் குதிகாலை முட்டினேன். அவர் திட்டினார். ஜனங்கள் சிரித்தார்கள். எனக்கு வேர்வை கண்ணில் இறங்கியது. இரண்டாவது முச்சந்தியில் எஞ்சினை நிறுத்தி, கோணியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். வண்டிக்கு அபிஷேகம் செய்கிறேன் என்று நினைத்து ஒருவர் எனக்கும் ஒரு மாலை போட்டார். மூன்றாவது இடம் கடைத்தெரு நடுவில், ஜவுளிக்கடைக்கு எதிரே. அங்கே ரேடியேட்டர் மூடி தெறித்தது. ஆவி ஆள் உயரத்துக்கு எழும்பியது. குழந்தைகள் அதையும் வாண வேடிக்கை என்று நினைத்துக் கை தட்டின. மாப்பிள்ளையின் மாலையெல்லாம் துருத்தண்ணீர். எஞ்சின் இரண்டு குலுக்குக் குலுக்கி அணைந்தது. அப்புறம் என்ன செய்தும் எழுந்திருக்கவில்லை.

மேளம் நின்றது. சட்டென்று வந்த அந்த அமைதியில் காஸ் லைட்டுகள் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ தள்ளலாம் என்றார்கள். மாப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போவதா என்று இன்னொருவர் கத்தினார். ஜாதகம் பார்த்தபோதே ஒரு ஜோசியர் இழுத்தாராமே என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அப்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நல்ல மனுஷர், நிதானமாகத்தான் பேசினார்.

"மேஸ்திரி, வண்டில கோளாறா? கோளாறுன்னா கோளாறுன்னு சொல்லிடு. மிஷினு, ரிப்பேர் ஆவுறது சகஜம். மாப்ளய எறக்கி நடந்தே போய்க்கினு இருப்போம். கோளாறு இல்லாம நின்னா அது சகுனம், அப்பதான் நாங்க யோசிக்கணும்."

இதைவிட லேசாக யாரும் ஒரு வழி காட்ட முடியாது. ஆமாம், கோளாறு என்று சொல்லியிருந்தால் போதும். கடைத்தெருவே என்னைப் பார்த்தது. அந்தப் பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் என்னை நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோளாறு என்றால் நான் ஏமாற்றினவன். என் கை, என் பேர், பலகையில் நான் எழுதிய எழுத்து எல்லாம் போய்விடும்.

"வண்டி நல்ல வண்டிதாங்க. ஏன் நின்னுச்சுன்னு எனக்கே தெரியல" என்றேன்.

அவ்வளவுதான். அந்த வார்த்தை எனக்கு முன்னால் தெருவில் நடக்க ஆரம்பித்தது. மேஸ்திரிக்கே தெரியலையாம். மேஸ்திரிக்கே தெரியலையாம். தாய்மாமன் முகம் மாறியது. மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து இறக்கி வந்த வழியே கூட்டிப் போனார். பிள்ளையார் கோயிலில் உட்கார்ந்து பேசினார்கள். லைட்டுக்கடைக்காரர் அவர்கள் காலில் விழுந்தார் என்று பிறகு சொன்னார்கள், நான் அங்கே இல்லை. காருக்குப் பக்கத்தில் எனக்குப் போட்ட மாலையைக் கழற்றத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். மீஞ்சூர்க்காரர்கள் அடுத்த ரயிலில் ஏறிப் போய்விட்டார்கள். கல்யாணம் நடக்கவில்லை.

லைட்டுக்கடைக்காரர் ஆளைக் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தனியாக வந்தார். கையில் ஒரு பை. அதிலிருந்து வேட்டியும் சட்டையும் எடுத்து, வெற்றிலை பாக்கோடு என்னிடம் நீட்டினார்.

"சொன்ன சொல்லு நைனா. வாங்கிக்கோ."

வாங்கிக்கொண்டேன். அவர் நின்ற இடத்துக்கு நேர் மேலே சுவரில் ஃபேன் தொங்கியது. "வண்டிய கொண்டாந்து உடுங்க, நான் பாத்துத் தரேன்" என்றேன்.

"நல்லா கீற வண்டிய இன்னாத்துக்குப் பாக்கறது? நீதான் சொன்னியே." காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் மேஸ்திரி. எம் பொண்ணு ராசிதானா?"

நான் வாயைத் திறந்தேன். கல்லாப் பக்கத்திலிருந்து மச்சான் இருமினார். வாயை மூடிக்கொண்டேன். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வேட்டியை நான் கட்டவில்லை. டிரங்குப் பெட்டியில் அடியில் வைத்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் என் மனைவி எடுத்துக் காட்டி, இதை ஏன் கட்டவில்லை என்று கேட்பாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவளிடம் எரிந்து விழுவேன்.

எழுபதுகளில் எங்கள் ஷெட் நொடித்துப்போனது. கும்மிடிப்பூண்டியில் சவுக்குத் தோப்புகளையும் மேட்டு நிலத்தையும் வளைத்துத் தொழிற்பேட்டை வந்தது. அங்கே ஒரு கம்பெனியில் மிஷின்களைப் பழுது பார்க்கிற ஃபிட்டராகச் சேர்ந்தேன். ஸ்டேஷனில் இறங்கிக் கடைத்தெரு வழியாகப் போனால் கிட்டம். நான் ஊரைச் சுற்றிக்கொண்டு நடந்து போவேன். லைட்டுக்கடைக்காரர் இறந்துவிட்டார் என்று சேர்ந்த புதிதிலேயே தெரிந்தது. துக்கப்பட்டேன். கூடவே, அப்பாடா என்று ஒரு மூச்சும் வந்தது. அந்த மூச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஆயுத பூஜைக்குக் கம்பெனி வாசலில் சீரியல் பல்பு கட்ட ஒரு பெண்பிள்ளை ஏணியோடு வந்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. பத்து வருஷத்தில் முகம் இறுகியிருந்தது, கழுத்தில் ஒன்றும் இல்லை. அவளைப் பற்றி எங்கள் வாட்ச்மேன் சொன்னார். அவர் அதே கடைத்தெருக்காரர். "கடைய இந்தம்மாதான் நடத்துது. கல்யாண ஊட்டுக்குன்னா ஆளுங்கள அனுப்பிடும், தான் போவாது. யாரும் கூப்புடவும் மாட்டாங்க. மாப்ள அழைப்புல காரு நின்னுபோன பொண்ணாச்சே. கம்பெனிங்க வந்ததுல அதுக்குப் பொழப்பு ஓடுது."

மத்தியானம் அவள் வாசல் தூணுக்கு அடியில் உட்கார்ந்து தனியாக ஒயர் சேர்த்துக்கொண்டிருந்தாள். போய் எதிரே நின்றேன்.

"என்னைத் தெரியுதாம்மா?"

"தெரியுது மேஸ்திரி."

"அன்னிக்கு அந்த வண்டில ஃபேன் இல்லம்மா. நான்தான் கழட்டி வெச்சேன். தெரிஞ்சேதான் குடுத்தேன்." பத்து வருஷமாகச் சுமந்தது மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அவள் ஒயரின் முனையைப் பல்லால் உரித்துத் துப்பினாள். "தெரியும். மறுநா காலைல நானே பானெட்ட தெறந்து பாத்தேன். அந்த எடம் காலியா இருந்துச்சு. அப்பாவ இஸ்துகினு வந்து காமிச்சேன். 'அமெரிக்கா வண்டிக்கு ஃபேன் இருக்காதும்மா, இருக்கணும்னா மேஸ்திரி சொல்லியிருக்க மாட்டாரா'ன்னாரு. சாவற வரைக்கும் அதான் சொன்னாரு."

"என்னை மன்னிச்சுடும்மா."

"என்னாண்ட தனியா சொல்லி இன்னா ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே." அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "தெரியலன்னு நாலு பேருக்கு முன்னாடி சொன்னீங்க. சொல்றதுன்னா நாலு பேருக்கு முன்னாடி சொல்லுங்க."

அவள் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். பொரி கடலைத் தட்டோடு வாட்ச்மேன் வந்துகொண்டிருந்தார். கூட என் ஷிப்டு ஆட்கள் மூன்று பேர்.

"இன்னா மேஸ்திரி, லைட்டுக்காரம்மா ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று வாட்ச்மேன் கேட்டார்.

அவள் ஒயரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கம்பெனியில் எல்லோரும் என்னை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த மிஷின் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கை நல்ல கை என்று அங்கேயும் பேர்.

"எனக்குத் தெரியாது. பல்பு எரியலன்னு சொல்ல வந்தேன்" என்றேன்.

அவள் எழுந்து போய் சுவிட்சைப் போட்டாள். வாசல் முழுக்க எல்லா பல்பும் எரிந்தது. எரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்கு நடந்து போனாள்.